பழம் பறிக்கும் கைக்கே பயிற்சி

2025 ஆகஸ்ட் மாதத்தில் அரக்குப் பள்ளத்தாக்கின் காப்பித் தோட்டங்களில் காய்த்துளைப்பான் என்னும் வண்டு முதன்முறையாகக் காணப்பட்டது. எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மலையில் வண்டு விழுந்தால் திருப்பதியிலும் சித்தூரிலும் பிழைக்க வந்திருக்கும் நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். காலையில் டம்ளரும் டவராவும் இல்லாமல் நம்மில் பலருக்குப் பொழுது விடிவதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அந்த வண்டை ஒழிக்க வேண்டியவர் யார், அவருக்கு அதைப்பற்றி யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டே போனால், விசாரணை கடைசியில் நம் வீட்டு வாசலுக்கே வந்து சேருகிறது.

வண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். எள்ளிலும் சிறியது, கறுப்பு நிறம். காப்பிக் காயின் தொப்புள் பக்கம் துளைபோட்டு உள்ளே நுழைந்து, கொட்டைக்குள்ளேயே முட்டையிடும். புழுக்கள் கொட்டையைத் தின்று வளரும். துளை போடுவதும், பிறகு வேறு காய் தேடிப் பறப்பதும் பெண் வண்டே. ஆண் வண்டு பிறந்த காயைவிட்டு வெளியேறுவதில்லை. இந்தியாவில் இது முதலில் தலைகாட்டியது 1990ல், நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில். அங்கிருந்து வயநாடு, குடகு என்று தென்னாட்டுக் காப்பி மலைகளில் பரவியது. அரக்கு மட்டும் முப்பத்தைந்து ஆண்டுக்காலம் தப்பியிருந்தது.

காப்பிக்கு நோய் கண்டால் என்ன நேரும் என்பது தமிழர்களுக்குப் புதிய பாடம் அல்ல. இலங்கையின் கண்டிச் சீமையில் தேயிலைக்கு முன்னால் இருந்தது காப்பிதான். மதுரை, திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கால்நடையாகவே சென்ற நம்மவர்கள் அந்தத் தோட்டங்களை உண்டாக்கினார்கள். 1869ல் இலைத்துரு நோய் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. நோயை ஆராய மார்ஷல் வார்டு என்ற விஞ்ஞானி அனுப்பப்பட்டது 1880ல்! அவர் காரணத்தைக் கண்டு சொன்னபோது காலம் கடந்துவிட்டது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. செடியைத் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கூலிகளிடம் அந்தப் பதினொரு ஆண்டுகளில் எவரும் ஒரு வார்த்தை கேட்டதாகவோ சொன்னதாகவோ தெரியவில்லை. துரைமார்களின் நஷ்டக் கணக்கு சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. வேலை போனவர்கள் பட்டினியோடு ஊர் திரும்பிய கணக்கு அந்த அளவுக்குப் பதிவாகவில்லை.

இப்போது அரக்குக்கு வருவோம். காய்த்துளைப்பானை மருந்தடித்து மட்டும் ஒழித்துவிட முடியாது. காய்க்குள் புகுந்துகொண்ட பூச்சியை மருந்து எட்டாது. அறுவடை முடிந்த பிறகு செடியில் ஒரு பழம்கூட விடாமல் உருவிவிட வேண்டும். தரையில் உதிர்ந்ததைப் பொறுக்கிவிட வேண்டும். அந்த மிச்சப் பழங்களில் தங்கியிருந்துதான் வண்டு அடுத்த பருவத்துக்கு வருகிறது. துளை விழுந்த காய்களைத் தனியே பிரித்துக் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும். கொட்டையைச் சரியான பதத்துக்கு, அதாவது ஈரம் பத்துப் பதினொரு சதவீதத்துக்கு மிகாமல், காயவைக்க வேண்டும். ஈரமாக மூட்டை கட்டினால் வண்டு மூட்டைக்குள்ளேயே பெருகும்.

உருவுவது, பொறுக்குவது, பிரிப்பது, காயவைப்பது. இவற்றில் எது ஆண்கள் வேலை? காப்பி மலைகளைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். சர்வதேச காப்பி ஸ்தாபனம் 2018ல் வெளியிட்ட அறிக்கை, உலகக் காப்பிச் சாகுபடியின் உழைப்பில் 70 சதவீதம் வரை பெண்களுடையது என்று கூறுகிறது. பெண்கள் பொறுப்பில் நடக்கும் தோட்டங்களோ 20 முதல் 30 சதவீதம்தான். உழைப்பு ஒருவருடையது, பட்டா இன்னொருவருடையது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு புள்ளிவிவரம் கிடைப்பது அரிது.

பயிற்சி என்ற பெயரில் கிராமங்களில் நடப்பது என்ன? 'விவசாயிகள் கூட்டம்' என்று தண்டோரா போட்டால் வருபவர்கள் ஆண்கள். பட்டா அவர்கள் பெயரில் இருக்கிறது; கூட்டத்துக்கு அழைப்பு பட்டாப்படி போகிறது. கூட்டம் மண்டலத் தலைமையூரில், பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் பெண்கள் தோட்டத்தில் இருப்பார்கள், அல்லது தண்ணீருக்கும் விறகுக்கும் போயிருப்பார்கள். அதிகாரி தெலுங்கில் பேசுவார். அந்த மலைகளில் குவியும் ஆதிவாசி ஒரியாவும் தாய்மொழியாக உள்ள வீடுகள் ஏராளம். ஒரு துண்டுப் பிரசுரம், ஒரு டீ, ஒரு போட்டோ. வீடு திரும்பும் கணவர் கேட்டதில் பாதியை மறந்து, மீதியில் பாதியைச் சொல்லுவார். அந்தக் கால் பாகத்தை வைத்துக்கொண்டுதான் அவர் மனைவி வண்டோடு போராட வேண்டும். அதிகாரிகளைக் குறை சொல்லுவது நமது நோக்கமல்ல. பட்டியல் தப்பாக இருந்தால் உண்மையான ஊழியரும் தப்பான ஆளுக்கே கற்பிப்பார்.

இத்தனைக்கும் அரக்குக் காப்பி இன்று சாதாரணச் சரக்கு அல்ல. பிரிட்டிஷ் அதிகாரி பிராடி 1898ல் கிழக்கு மலைத்தொடரின் பாமுலேறு பள்ளத்தாக்கில் காப்பி விதையை ஊன்றியதாகச் சொல்வார்கள். நாடு சுதந்திரம் பெற்ற பிறகு வனத்துறையும், பழங்குடி நலத்துறையும், காப்பி போர்டும் சேர்ந்து அதை வளர்த்தன. மலையை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் பழக்கத்தை மாற்றி, மரநிழலில் நிலையான ஒரு பயிரைக் கொடுப்பது அப்போதைய நோக்கம். இன்று அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பழங்குடிக் குடும்பங்கள், பெரும்பாலும் ஆளுக்கு ஓரிரு ஏக்கரில், சில்வர் ஓக் மரத்தடியில் அரபிக்காவும் அந்த மரத்திலேயே மிளகுக் கொடியுமாகப் பிழைக்கின்றன. 2017ல் பாரிஸ் நகரத்தில் அரக்குக் காப்பிக்குத் தனிக் கடையே திறக்கப்பட்டது. 2018ல் அங்கேயே தங்கப் பரிசும் கிடைத்தது. 2019ல் புவிசார் குறியீடு வந்தது. 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அரபிக்கா விலை இதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது.

ஆக, பள்ளத்தாக்குக்குப் பெயர் வந்துவிட்டது. பறித்தவளுக்குத்தான் இன்னும் பெயர் வரவில்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், குடும்பத்துக்குத் தரும் நில உரிமையைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அரக்கு மலைகளில் காப்பி நிற்கும் நிலத்தில் கணிசமான பகுதி இந்தச் சட்டத்தின் கீழ்ப் பட்டா பெற்றது. மகளுக்கும் சொத்தில் சமபங்கு என்று என்.டி. ராமராவ் காலத்தில், 1986ல், ஆந்திரம் சட்டம் செய்தது. தமிழகம் 1989ல் பின்பற்றியது. 2005ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. எனவே மலைநாட்டுப் பெண்ணுக்கு வன உரிமைப் பட்டாவில் உள்ள இரண்டாவது பெயர்தான் கையிலிருக்கும் ஒரே ஆயுதம். அந்தப் பெயர் காகிதத்தோடு நின்றுவிட்டால் என்ன பிரயோசனம்? கடன் மனுவிலும், மானியப் பட்டியலிலும், பயிற்சி அழைப்பிலும், கொள்முதல் சீட்டிலும் அது வர வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுபவர்கள் அரக்குக்குப் போக வேண்டாம்; திருப்பதியிலேயே சுற்றிப் பார்க்கலாம். நம் டம்ளரில் டிகாக்ஷன் மட்டுமா இருக்கிறது? பாலும் இருக்கிறதே. சித்தூர்ச் சீமை பால் சீமை. சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை 2002ல் மூடப்பட்டபோது மாடு வைத்திருந்த எளிய குடும்பங்கள் பட்ட பாடு இங்கே நீண்ட நாள் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். 2014ல் தேசிய பால்வள வாரியத்தின் உதவியோடு திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்ரீஜா மகிளா பால் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கப்பட்டது. இதில் பங்குதாரராகப் பெண்கள் மட்டுமே சேர முடியும். உறுப்பினர் எண்ணிக்கை இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. உற்பத்தியாளர் சார்பில் இயக்குநர் குழுவில் அமர்பவர்களும் மாடு வளர்க்கும் பெண்களே. 2023ல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடந்த உலகப் பால்வள மாநாட்டில், பெண்களுக்கு வலிமை சேர்த்த பணிக்காக இந்த நிறுவனம் பரிசு பெற்றது.

பரிசைவிட நம் கவனத்துக்குரியது அன்றாட நடைமுறை. சாணி அள்ளுவதும், தீவனம் வைப்பதும், கறப்பதும் என்றைக்கும் பெண்கள்தான். ஆயினும் சங்க உறுப்பினர் சீட்டு கணவர் பெயரில் இருந்த காலத்தில், பாலில் எவ்வளவு கொழுப்பு, லிட்டருக்கு என்ன விலை என்பது அவர்களுக்குக் கேள்விச் செய்தி. இப்போது பால் ஊற்றும்போதே எந்திரம் அளந்து சீட்டுத் தருகிறது. பணம் உறுப்பினரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. உற்பத்தியாளர் கம்பெனிச் சட்டப்படி ஒரு மாடு வைத்தவளுக்கும் பத்து மாடு வைத்தவளுக்கும் ஓட்டு ஒன்றுதான். சீட்டைப் படிக்கத் தெரிந்தால் அடர்தீவனத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தானே முடிவு செய்ய முடிகிறது. மடிவீக்கம் கண்ட பசுவுக்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் வைத்தியத்தைத் தஞ்சாவூர்க் கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி அளவு வகுத்துக் கொடுத்தார். பால்வள வாரியம் அதைப் பல மாநிலங்களில் பரப்பியது. அம்மி உள்ள எந்த வீட்டிலும் செய்யக்கூடிய காரியம். பயிற்சி என்றால் இப்படி இருக்க வேண்டும்: கையில் உள்ள பொருள், கையில் உள்ள வேலை, அன்றைக்கே தெரியும் பலன்.

இவ்விடத்தில் நம் வாசகர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குடிபாலா, குப்பம் என்று எல்லையோரமெங்கும் தமிழ் பேசும் வீடுகளில் மாடு உண்டு. கணவர் ஆலையிலோ ஓட்டலிலோ ஆபீசிலோ வேலை பார்க்க, மனைவி இரண்டு பசுவை வைத்துக்கொண்டு குடும்பத்தைத் தாங்குவது சகஜம். பால் பணம் அவள் கணக்கில் ஏறுகிறது, சரி. ஏ.டி.எம். அட்டை யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது? ரகசிய எண் யாருக்குத் தெரியும்? பங்குதாரர் கூட்டத்துக்கு நோட்டீசு வந்தால் அவள் போகிறாளா, 'உனக்கென்ன தெரியும்' என்று நாம் போகிறோமா? அரக்கு மலைவாசிக் கணவரைக் குறை கூறும் முன் சித்தூர் பஸ் நிலையத்தில் நிற்கும் கணவர் தம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தால் அது எங்கே போய் முடியும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அடுத்த நெல்லூர் மாவட்டமே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பாடப் புத்தகத்தில் சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தைப் பற்றி ஒரு பாடம். எழுத்துக்கூட்டி அதைப் படித்த தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் 1992ல் சாராயக் கடையை மூடவைத்தார்கள். தீ மாநிலமெங்கும் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. அ, ஆ கற்பிக்கப் போன ஆசிரியர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சர்க்கார் கஜானாவும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நாள் வகுப்பு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் சந்தேகம் வருவது வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான். அப்போது ஓடிப்போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும். பக்கத்து ஊரில் அதே பயிரைச் செய்து, அதே தப்பைச் செய்து, திருத்திக்கொண்ட ஒரு பெண்ணைவிட நல்ல வழிகாட்டி வேறு யார்? இதற்கும் ஆந்திரத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. அரசின் ரைது சாதிகார சம்ஸ்தா நடத்தும் இயற்கை விவசாயத் திட்டம் மகளிர் குழுக்களை அடித்தளமாகக் கொண்டது. அனுபவப்பட்ட விவசாயிகளே, அவர்களில் பெண்கள் பலர், மற்ற ஊர்களுக்குப் போய்த் தங்கிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2024ல் போர்ச்சுகல் நாட்டின் குல்பென்கியன் பரிசு இந்தத் திட்டத்துக்கும் பகிர்ந்து கிடைத்தது. மலைக் காப்பிக்கு இந்த முறையைக் கொண்டுபோவதற்குப் புதிதாக ஒரு கமிட்டி தேவையில்லை.

காப்பித் தொழிலில் பெண்ணுக்கு நுண்ணறிவு போதாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருந்தால், அவர்களுக்கு சுனாலினி மேனனைக் காட்டலாம். 1970களில் காப்பி போர்டில் சுவை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து, ஆசியாவின் முதல் பெண் காப்பிச் சுவை நிபுணர் என்று பெயர் பெற்றவர். உலகத்தின் பெரிய வியாபாரிகள் அவர் நாக்குக்குக் கட்டுப்பட்டார்கள். தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலோ, வடபகுதி மலைக்கிராமங்களில் சில நூறு பெண்கள் 2003 வாக்கில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாங்கள் விளைவித்த காப்பியைக் கணவர்கள் காப்பியோடு கலக்காமல் தனி மூட்டையாகக் கட்டி, தங்கள் பெயரிலேயே விற்றார்கள். வாங்கியவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். தனி மூட்டை என்றால் தனிக் கணக்கு; தனிக் கணக்கு வந்தபின் வீட்டிலும் ஊர்ச் சபையிலும் குரல் தானாகவே மாறியது.

ஓர் ஆட்சேபம் நியாயமானது. வீட்டு வேலை, தோட்ட வேலை, இதற்குமேல் பயிற்சி, கூட்டம் என்று அவள் தலையில் இன்னொரு சுமையா? ஆம், ஏற்கெனவே உள்ள சுமையைக் குறைக்காமல் பயிற்சி வைத்தால் அது தண்டனையே ஆகும். பயிற்சிக்கு வரும் நாளுக்குக் கூலி தரவேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பழத்தோல் உரிக்கும் சிறு எந்திரம் நாலு வீட்டுக்கு ஒன்றாவது கிராமத்திலேயே இருந்தால், கூடையைத் தலையில் சுமந்து இறங்கும் பாதித் தூரம் மிச்சமாகும். பறித்த அன்றே தோலுரிக்காத பழம் புளித்துத் தரம் கெடும் என்பதால் இந்த எந்திரம் வருமானத்துக்கும் அவசியம்.

தமிழக அரசும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஏற்காடு, கொல்லிமலை, சவ்வாது மலை, கீழ்ப்பழனிமலை ஆகிய இடங்களில் காப்பி பயிரிடும் சிறு விவசாயக் குடும்பங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. தாண்டிக்குடியில் காப்பி போர்டின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கூடலூரில் தொடங்கிக் காய்த்துளைப்பானோடு முப்பத்தைந்து ஆண்டு பழகிய பெண் தொழிலாளர்கள் நம் மலைகளில் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேரை அரக்குக்கு அழைத்துப்போனால், ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாத வேலையை அவர்கள் செய்வார்கள். பாஷை தெரியாதே என்பார்கள். துளை விழுந்த காயைக் காட்ட பாஷை எதற்கு?

அரக்கில் பறிப்பு நவம்பரில் தொடங்குகிறது. பயிற்சி அதற்குமுன் ஊர் ஊராக, மாலை வேளையில், அவர்கள் பேசும் மொழியில் நடக்க வேண்டும். பிப்ரவரியில் செடியை உருவிச் சுத்தம் செய்யும்போது வழிகாட்டிப் பெண் மறுபடியும் அந்தந்தத் தோட்டத்துக்கு வரவேண்டும். பழங்குடியினரிடம் காப்பி கொள்முதல் செய்யும் கிரிஜன் கூட்டுறவுக் கார்ப்பொரேஷன் 1956ல் தொடங்கப்பட்ட பழைய ஸ்தாபனம். அதற்கு ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது, தராசு இருக்கிறது, சீட்டுப் புத்தகம் இருக்கிறது. கூட்டுப் பட்டா உள்ள வீட்டின் கொள்முதல் சீட்டில் மனைவியின் பெயரையும் எழுதி, பணத்தை இருவர் கணக்குக்கு அனுப்புவதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அடுத்த பருவத்துச் சீட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அதில் ஒரு கட்டம் அதிகமாகப் போட்டால் போதும்.